மொட்டைமாடியில் இரண்டு கேன்

சிக்னலில் நிற்கும்போது இன்ஜினை அணைக்கிறவர்கள் நம் ஊரில் நூற்றுக்கு நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள், மேடம். நீங்களும் இங்கே வரும் வழியில் மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றிருப்பீர்கள். உங்கள் போலீஸ் ஜீப் உறுமிக்கொண்டேதான் இருந்திருக்கும். நான் அணைத்துவிடுவேன். என்னுடையது பதினாலு வருடத்துப் பழைய கார். இன்றும் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டயரில் காற்று பார்ப்பேன். தி.நகருக்குத் துணி எடுக்கப் போனால் பஸ்தான். கையில் மஞ்சள் பை இருக்கும். எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் எனக்கு மைலேஜ் மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வில்லியம் என்ற பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வாட்ச்மேன் பெண்டாட்டி தாயம்மா சொன்னதை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதில் நான் வன்மம் பிடித்தவன் என்று இருக்கிறதாம். வன்மம் இல்லை, கொள்கை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடையாற்றில் எங்கள் கட்டிடம் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பதினெட்டு வீடு. ஒன்பது வருடமாக நான்தான் செயலாளர். 2015 வெள்ளத்தில் ஜெனரேட்டர் முழுகிப் போனது. அதற்கப்புறம் நாலடிக்கு மேடை கட்டி அதன் மேல் தூக்கி வைத்தது நான். மொட்டைமாடியில் மழைநீர்க் குழாய் போட்டது, குப்பையை இரண்டாகப் பிரிக்க வைத்தது, எல்லாம் நான்தான். எல்லா வீட்டுக்கும் ஜெனரேட்டர் லைன் இழுத்திருக்கிறது. ஆனால் ஃபியூஸைக் கழற்றி என் மேசை டிராயரில் வைத்திருந்தேன். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும்தான். பதினெட்டு ஃப்ரிட்ஜ் குளிர்வதற்காகத் தெரு முழுக்கப் புகை கக்க வேண்டியதில்லை.

இதை யாரும் எதிர்த்ததில்லை, நாலாவது மாடிக்கு அன்புக்கரசி வரும் வரை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கெட்டிக்காரப் பெண், மறுக்கவில்லை. அப்பா பஞ்சாட்சரத்தோடு வந்தாள். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் கையைத் தூக்கி வணக்கம் வைப்பார். அவர்கள் வீட்டு வாசலில் தினமும் அட்டைப்பெட்டி கிடக்கும். ஒரு சீப்பு வாங்கினாலும் ஒரு பெட்டி, உள்ளே ஒரு முழம் காற்றடைத்த பிளாஸ்டிக். நான் ஒருநாள் சொன்னேன். "கடைக்குப் போக எனக்கு எங்க அங்கிள் நேரம்? அப்பாவ யாரு பாத்துக்கறது?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டிசம்பரில் அசோசியேஷன் தேர்தல். அவள் எனக்கு எதிராக நின்றாள். வாட்ஸ்அப் குழுவில் வாக்குறுதி போட்டாள்: எல்லா வீட்டுக்கும் ஜெனரேட்டர் மின்சாரம். பதினோரு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். யார் யார் என்று பார்த்தேன். நான் வீட்டுக்கு வீடு போய்க் குழாய் ஒழுகலைச் சரிபார்த்துக் கொடுத்தவர்கள்தான்.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது புயல் வந்தது. ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலை மின்சாரம் போய்விட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழே கூடினார்கள். ஃபியூஸைப் போடச் சொன்னார்கள். வழக்கமாக நான் வாதாடியிருப்பேன். அன்றைக்கு வாதாடவில்லை. வாயால் சொல்லிக் கேட்காதவர்களுக்குக் கண்ணால் காட்டினால் புரியும் என்று தோன்றியது. போடுகிறேன், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நீங்களே பாருங்கள் என்றேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். ஜெனரேட்டர் அறையில் இருபது லிட்டர் கேன் இரண்டு இருந்தது. டீசல் நிரம்பிய கேன். அது இருந்தால் பாடம் பாடமாக இருக்காது. வாட்ச்மேன் மழைக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி தாயம்மாவைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்றாக மொட்டைமாடி ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீர் ஏறினால் கேன் மிதந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

ஒன்றை நீங்கள் குறிப்பாக எழுத வேண்டும். நான் யோசிக்காமல் செய்யவில்லை. அன்று காலையே நாலாவது மாடிக்குப் போய் விசாரித்தேன். ஒரு சிலிண்டர் தனியாக வைத்திருக்கிறோம் அங்கிள், அரை நாளைக்கு மேல் வரும் என்றாள் அன்புக்கரசி. ஆகவே போதுமான ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கீழே இறங்கினேன்.

ஃப்ரிட்ஜ், டிவி, இண்டக்‌ஷன் அடுப்பு, எல்லாம் ஓடின. யாரோ ஏசி போட்டார்கள். மழையில் ஏசி, மேடம். சாயங்காலத்துக்குள் டேங்க் காலி. எல்லாரும் கீழே வந்து பார்த்தார்கள். "இவ்ளோதானா?" என்று கேட்டார்கள். இவ்வளவுதான் என்றேன். அந்த நேரத்தில் தேர்தல் வைத்திருந்தால் பதினேழு ஓட்டு எனக்கு.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அன்புக்கரசி என் கதவைத் தட்டினாள். சிலிண்டர் முள் அடியில் நிற்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் தண்ணீரில் வர முடியாது, படகு அனுப்புகிறோம் என்றார்களாம். எப்போது என்று சொல்லவில்லை.

"அங்கிள், கொஞ்சம்கூட டீசல் இல்லையா? பக்கெட்ல அடியில கிடந்தாக்கூடப் போதும். மெஷினுக்கு மட்டும்தான் கேக்கறேன்."

எங்கள் ஜெனரேட்டர் இருபத்தைந்து கிலோவாட் தள்ளும். அந்த மெஷின் ஒரு மிக்ஸி இழுக்கிற மின்சாரத்தைக்கூட இழுக்காது. ஒரு மிக்ஸிக்காக ஒரு லாரியை ஓட்டுவது மாதிரி. இதுவும் என் மனதில் வந்தது, ஒளிக்கவில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது என்று சொன்னால் நேற்று பதினெட்டு வீட்டு முன்னால் நான் சொன்னது பொய்யாகிவிடும். ஒன்பது வருடம் ஒரு சொட்டு டீசலுக்குக்கூடக் கணக்கு வைத்தவன் பொய் சொன்னான் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் இந்தக் கட்டிடத்தில் யாராவது குப்பையைப் பிரிப்பார்களா?

"இல்லைம்மா. நேத்தே தீந்து போச்சு" என்றேன்.

அவள் மேலே ஓடினாள். வேறு வீடுகளில் இன்வெர்ட்டர் கேட்டு அலைந்தாள். எல்லாருடையதும் உயிர்விட்டிருந்தது.

ஒரு மணி இருக்கும், தாயம்மா வந்தாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"சார், மாடில ரெண்டு கேன் கீதே சார். மறந்துட்டியா?"

"அது காலி கேன் தாயம்மா."

"இன்னா சார் சொல்ற. காலி கேனையா தூக்கினு போனேன்? இடுப்பு இன்னும் நோவுது. அந்தப் பெரியவரு மீன் மாதிரி வாயத் தொறந்துகினு கீறாரு சார். சாவியக் குடு, நானே ஊத்தறேன்."

அவளுக்கு நான் கோபப்படாமல்தான் பதில் சொன்னேன். ஆற்றோரக் குடிசையை இடித்து அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தபோது பம்ப் ரூமில் தங்க இடம் கொடுத்தது யார் என்று கேட்டேன். அந்த ரூம் அசோசியேஷன் ரூம் என்று ஞாபகப்படுத்தினேன். அவ்வளவுதான். மிரட்டினேன் என்று அவள் சொல்லியிருந்தால் அது அதிகப்படி. அவள் வாசலில் துப்பிவிட்டுப் போனாள்.

என் மனைவி மர்சலின் உள்ளறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து கையை நீட்டினாள்.

"ஏங்க, சாவி."

"நீ போய் உக்காரு" என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் நான் சொன்னதை அவள் தட்டியதில்லை. போய் உட்கார்ந்தாள். ஜெபமாலைச் சத்தம் மட்டும் அப்புறம் வரவில்லை. இப்போது மர்சலின் எங்கள் மகள் ரெனிட்டாவின் வீட்டுக்குப் போய் இருக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை.

இரண்டரை மணிக்கு மேலேயிருந்து அன்புக்கரசியின் குரல் கேட்டது. அழுகை இல்லை. "அப்பா, இங்க பாருப்பா" என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அதுவும் நின்றது. நாலு மணிக்குப் படகு வந்தது.

தேர்தல் நடந்தது. அவள் நிற்கவில்லை. என்னைப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலியை நானே முன்மொழிந்தேன். தாயம்மா அந்த வாரமே பம்ப் ரூமைக் காலி செய்துகொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். இடம் போனால் போகட்டும் என்று சொன்னாளாமே. அவளுக்கு அந்தத் துணிச்சல் இருக்கும் என்று நான் கணிக்கவில்லை. அது என் தவறு.

ஸ்டோரைத் திறந்து காட்டச் சொன்னீர்கள், காட்டினேன். இரண்டு கேனும் அப்படியே இருந்தன. நான் அதைத் தொடவே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு ஒரு சொட்டு எடுத்தேன் என்று எவனும் சொல்ல முடியாது.

அவருக்கு எப்படியும் இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அதைச் சாக்காகச் சொல்ல வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. நீங்கள் கேட்டது ஒன்றுதான்: டீசல் இருந்தது தெரிந்தே இல்லை என்று சொன்னீர்களா? ஆமாம். தெரிந்தே சொன்னேன். சிலிண்டர் தீர்ந்ததிலிருந்து படகு வரும் வரைக்கும் ஜெனரேட்டரை ஓட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அன்று மதியமே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். படகு வரும் நேரம் தெரியாததால் தாராளமாக ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். பதினைந்து லிட்டர். அவள் குரல் மேலே கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தேன், மேடம். சரியாகத்தான் இருந்தது. ஒரு கேனிலேயே மிச்சம் ஐந்து லிட்டர் இருந்திருக்கும்.