பேர் எழுதாத கார்டு

இல்லம்மா, நீங்க தாராளமா உக்காருங்க. மை காஞ்சிடுச்சு, இதையெல்லாம் மடியில வச்சுக்கறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்து இதென்ன, பள்ளிக்கூடப் புள்ளையாட்டம் அச்சு குத்திட்டிருக்கான்னு நினைக்கறீங்க. நினைச்சா தப்பில்ல. என் பொண்ணே அப்படித்தான் பார்த்தா. மாத்துத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவகிட்ட, கட்டிலுக்கடியில அச்சு டப்பா இருக்கு, அதையும் கொண்டான்னேன். இப்ப எதுக்கும்மா அதுன்னு கேட்டா. ஆனா கொண்டுவந்துட்டா. இப்ப கீழ போய் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டிருக்கா.

உங்களுக்கு உள்ள யாரு? அப்பாவா. பித்தப்பைக் கல்லா. அதெல்லாம் இப்ப சாதாரணம்மா, கண்ணு முழிச்சதும் டீ கேப்பார் பாருங்க. எனக்கு வீட்டுக்காரர். அந்தக் கடைசிக் கதவு. ஆமா, பெரிய ஆபரேஷன்தான். நேரமாகும்னு சொல்லியிருக்காங்க.

எடுத்துப் பாருங்க, பரவால்ல. இது பெரணி இலை. இது தட்டான். எல்லாம் அவர் செதுக்கினதுதான். இல்ல, ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் இல்ல, லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா அடுக்குமாடியில மேலயும் கீழயும் போய்ட்டு வருவார், எங்க வீட்டு மொட்டை மாடியில துணி எடுத்துட்டு வாங்கன்னா மட்டும் முட்டி வலிக்கும். நான் விக்கறதுக்கு வாழ்த்துக் கார்டு செய்ய ஆரம்பிச்சப்ப கடை அச்சுதான் வாங்கினேன். எதை எடுத்தாலும் ரோஜாப்பூ. கல்யாணத்துக்கும் ரோஜா, குழந்தை பொறந்தாலும் ரோஜா, வேலையில இருந்து ஓய்வு பெற்றாலும் ரோஜா. நான் பொலம்பறதைக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் ரப்பர் துண்டும் பிளேடும் எடுத்துட்டு உக்காந்துட்டார். வாசல்ல வாதாமரம் நிக்குது, அதுல ஒரு இலையைப் பறிச்சு முன்னாடி வச்சுக்கிட்டு, நரம்பு நரம்பா. கையெல்லாம் வெட்டுக்காயம். ஆனா அச்சு விழுந்துச்சு பாருங்க, அசந்துட்டேன்.

இலைன்னா அருமையா வரும் அவருக்கு. மிருகம்தான் வராது. இதைப் பாருங்க, இது என்ன சொல்லுங்க. எலியா. எல்லாரும் அதான் சொல்றாங்க. அணில்மா அது. எலின்னு நினைச்சே நிறைய பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. அணில்னு சொல்லித்தான் விக்கணும்னு அவர் ரோஷப்படுவார்.

அவரா? தூண்கிட்ட நிக்கறவர்தானே, என் கொழுந்தன். முன்னெல்லாம் அண்ணி அண்ணின்னு வளைய வருவார். இப்ப பேச்சு கிடையாது. சித்த முன்னாடி டீ வாங்கிட்டு வந்தார், என் கையில குடுக்கல, இந்த நாற்காலியில வச்சுட்டுப் போய்ட்டார். ஒரு கையெழுத்து விஷயம். அவர் வேணாம்னார், நான் போட்டுட்டேன். ஆறிப்போச்சு டீ. வேணாம்மா, பசியும் இல்ல, தாகமும் இல்ல. அழுகையும் வரல. கைக்கு ஏதாவது வேலை குடுத்தா போதும்னு இருக்கு.

இந்தக் கார்டா. ஆர்டர்னு சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடி ரூம்ல ஒரு பொண்ணு இருக்கு, நல்ல பொண்ணு, மெதுவா பேசும். அதுதான் சொல்லுச்சு, உங்களுக்கு இஷ்டம் இருந்தா ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நாங்க சேர்த்துடறோம்னு. பேர் எழுதக்கூடாது. அவங்க பேரும் நமக்குச் சொல்ல மாட்டாங்க. அங்கதான் எனக்கு ஓடல. ஆம்பளையா, பொம்பளையா, வயசானவங்களா, ஸ்கூல் போற புள்ளையா, ஒண்ணும் தெரியாம என்ன படம் போடறது? பூன்னா ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். பட்டாம்பூச்சின்னா சின்னப் புள்ளைக்குப் போட்ட மாதிரி இருக்கும். கடைசியில இந்த எலியையே போட்டுட்டேன். யாரா இருந்தாலும் கொஞ்சம் சிரிப்பாங்கல்ல.

உள்ள என்ன எழுதறதுன்னுதான் தெரியல. உடம்பைப் பார்த்துக்கங்கன்னு எழுதினேன். அதுக்கு மேல வரல.

இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் குணமாகி வந்து இதைப் பார்க்க மாட்டார். அவர் முந்தாநேத்தே போய்ட்டார். ஸ்கூட்டர்ல வந்திருக்கார், நாய் குறுக்க ஓடியிருக்கு. மேல ஒரு கீறல் இல்ல, தலையில மட்டும் அடி. மூளை நின்னுபோச்சு, மெஷின்லதான் மூச்சு ஓடுதுன்னாங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. அப்புறம் அந்தக் கண்ணாடி ரூம் பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்து, அவர் உறுப்பையெல்லாம் குடுக்கறீங்களான்னு கேட்டுச்சு.

கொழுந்தன் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவர் நெஞ்சு மேல வச்சார். பாருங்க அண்ணி, சூடா இருக்கு, துடிக்குது, எப்படி உங்களுக்கு மனசு வருதுன்னார். துடிச்சுது. நான் கையை எடுக்காம நின்னேன். இப்படித் துடிக்கறதைக் கொண்டுபோய் எப்படி மண்ணுல போடறது, நீங்களே சொல்லுங்க தம்பின்னு கேட்டேன். அவர் வெளிய போய்ட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணு, கல்லீரல், கிட்னி. இப்ப அதான் நடந்திட்டிருக்கு உள்ள. முடிச்சு, துடைச்சு, சட்டை போட்டுக் குடுப்பாங்களாம். வெள்ளைச் சட்டை கொண்டுவந்திருக்கா என் பொண்ணு.

நீங்க அழாதீங்கம்மா. உங்கப்பா வெளிய வர்ற நேரம், முகத்தைக் கழுவிக்கங்க.

இதயமா? அதுதான் முதல்ல. அது அப்பவே போய்டுச்சு. நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடி ஒருத்தர் நீலப் பெட்டி ஒண்ணைத் தூக்கிக்கிட்டு இந்த வழியாத்தான் ஓடினார். நான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், தடுக்கிடப் போகுதேன்னு மடக்கிக்கிட்டேன்.