எந்த வழியாலை இறங்கிறது

— நோர்வேஜியன் வேண்டாம், தமிழிலையே கதையும். முழுப்பேரைச் சொன்னவுடனை தமிழெண்டு விளங்கீட்டுது. ஆன்ட்ரியாஸ், எங்கை நிக்கிறீர்?

— அப்பாடா! ஒஸ்லோ வானிலைக் கந்தோரிலை தமிழ்ப்பிள்ளையோ? நான் மேலை மலைக்குடிலிலை, தனிய. மூண்டு நாளாப் புயல், இப்பதான் கொஞ்சம் வெளிச்சிருக்கு. விறகும் முடிஞ்சுது, சாப்பாடும் முடிஞ்சுது. இறங்க ரெண்டு வழி. ஓடைப் பள்ளத்தாலை ஸ்கீயிலை வழுக்கினால் அரை மணித்தியாலத்திலை றோட்டு. மலைமுதுகாலை எண்டால் மூண்டு மணித்தியாலம். எதிலை பனி சரியாது எண்டு சொல்லுங்கோ அக்கா. ஃபோனிலை சார்ஜும் இல்லை.

— சொல்லுறன். 2006 மாசியிலையும் நீர் இப்பிடித்தானே ஒரு மலையிலை நிண்டனீர்? நிலனோடை.

— நீங்கள் ஆர்?

— தர்மிகா. நிலன்ரை அக்கா.

— அக்கா... அது விபத்தெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பனி அவனை மூடினவுடனை ஒரு மணித்தியாலம் விடாமல் கிண்டினனான். கை கிழிஞ்சு ரத்தம்...

— அந்தக் கதையை ஒஸ்லோ ரொம்மனிலை எங்கடை வீட்டுக்கு வந்து சொன்னனீர். அம்மா உம்மடை கையைப் பிடிச்சுக் கொஞ்சினவ. எனக்கு மீட்க வந்த ஆக்கள் வேறை கதை சொன்னவை. உம்மடை பனி கிண்டிற சவள் பையிலை கட்டின கட்டும் அவிழாமல் காய்ஞ்சு கிடந்ததாம்.

— அக்கா, பற்றரி...

— கை எப்பிடிக் கிழிஞ்சது?

— அக்கா, நான் சாகப் போறன் இஞ்சை!

— கை எப்பிடிக் கிழிஞ்சது எண்டு கேட்டனான்.

— அங்கை ஒரு குடிலுக்குள்ளை ஒதுங்க யன்னலை உடைச்சனான். இன்னொரு சரிவு வருமெண்டு பயத்திலை ஓடீட்டன். போதுமே?

— போதாது. திரும்புவம் எண்டு அவன் சொன்னவனோ?

— ஓம். காலுக்குக் கீழை பனி 'வும்' எண்டு உறுமுது, திரும்புவம் எண்டவன். நான்தான் பயந்தாங்கொள்ளி எண்டு பகிடி பண்ணி, அவனை முன்னாலை விட்டனான்.

— நாப்பது நிமிசம் அவன் உள்ளுக்கை உயிரோடை கிடந்தவனாம். டொக்டர் சொன்னவர்.

— என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா...

— சரி தம்பி. இப்ப வடிவாக் கேள். மலைமுதுகாலை போ. ரெண்டு நாளா மேல்காத்து. முதுகிலை கிடந்த பனியெல்லாத்தையும் வாரி ஓடைப் பள்ளத்துக்குள்ளை கொட்டியிருக்கு. பதினொரு மணிக்குப் பிறகு வெப்பமும் ஏறும். பள்ளத்துக்குள்ளை காலே வைக்காதை.

— தம்பியோ? இவ்வளவு நேரமும் என்னை உரிச்சுப் போட்டு, இப்ப தம்பியோ?

— கேட்டாய், சொன்னனான்.

— நீங்கள் ஏன் என்னைக் காப்பாத்த வேணும்?

— எனக்கு அதுதானே வேலை.

— பொய்! என்னை முதுகிலை ஏத்திவிட்டுக் கொல்லப் பாக்கிறியள். நீங்கள் முதுகு எண்டால் ஓடைதான் பாதுகாப்பு.

— உன்ரை கால், உன்ரை விருப்பம்.

— சத்தியம் பண்ணுங்கோ பாப்பம். நிலன் மேலை.

— உனக்காக அவன்ரை பேரிலை சத்தியமோ? பண்ணமாட்டன்.

— எனக்குத் தெரியும்! நான் ஓடையாலைதான் இறங்கிறன். வைக்கிறன்.

— வை.



— அம்மா, நான் தர்மிகா. கந்தோரிலையிருந்து கதைக்கிறன். ஆன்ட்ரியாஸ் மலையிலை அம்பிட்டுப்போய் ஃபோன் எடுத்தவன். எந்த வழி பாதுகாப்பெண்டு கேட்டவன்.

— ஐயோ பிள்ளை! கோவத்திலை பிழையான வழியைக் கிழியைச் சொல்லிப்போட்டியே?

— இல்லையம்மா. சரியான வழியைத்தான் சொன்னனான்.

— அப்பிடியே என்ரை ராசாத்தி. அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே.

— அவன் நம்பமாட்டான் எண்டு தெரிஞ்சுதான் அம்மா சொன்னனான்.