கையுறையின் உள்பக்கம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சங்கு நேரம் தப்பி ஊதியபோது, நான் மஞ்சள் நூலை விட்டுப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தேன். நிறம் மாறும் இடத்தில் ஊசியைக் கீழே வைத்தால் கண்ணி தளர்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன். தெருவே தொழிற்சாலைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் இடது கையுறை நான் பின்னியதுதான். இரண்டு நிறத்தில் பின்னினால் எல்லோரும் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மஞ்சளில் பூ விழுந்துகொண்டிருக்கும்போது பச்சை நூல் பின்னால் ஓடும். ஓடுகிற நூலைச் சில கண்ணிகளுக்கு ஒருமுறை மற்ற நூலோடு முறுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே வளையம் வளையமாகத் தொங்கி விரலைப் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பின்னப் பழகுகிறவர்களுக்கே இது தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அம்மா போனபோது தம்பி பால்புட்டி மறக்காத பிள்ளை. குளிப்பாட்டியது, பள்ளிக்கு இழுத்துப் போனது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். எனக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு பயம். விளக்குப் போட்ட பிறகு கதவைத் தட்ட ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று. மற்றபடி நான் தைரியசாலி.

வெளியூரில் வேலை கிடைத்தது என்று ஒருமுறை பெட்டி கட்டினான். அந்த வாரம்தான் மாடிப்படியில் எண்ணெய் கொட்டியிருந்தது. கால் முறிந்தது. நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். நிம்மதியான நாட்கள் அவை. அதற்குப் பிறகு நான் தண்ணீர் கொடுத்தால்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அவ்வளவு மரியாதை.

கால் சரியானதும் இங்கே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தவன், அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டான். பேக்கிங் பிரிவுக்காரி. நல்ல வாயாடி.

“என்னக்கா, உங்க தம்பி வீட்ல இப்படிப் பூனை மாதிரி இருக்காரு. அங்க மேஸ்திரியையே கலாய்ப்பாரு” என்றாள். “ரோலர்கிட்ட நிக்கிறவங்க ஒரு சைஸ் பெரிய கிளவுஸ்தான் போடணும். உள்ள இழுத்துச்சுன்னா கையை உருவிக்கலாம்ல. ‘கிளவுஸ் போகட்டும், கை வரட்டும்’னு மேஸ்திரிக்கு தினமும் ஒரே பாட்டு.”

கல்யாணம் முடிந்ததும் தனி வீடு பார்க்கப் போவதாகவும் அவள்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கே கம்பளி நூல் வாங்கினேன்.

ஒரு சைஸ் பெரிதாகவே பின்னினேன். வேலை இடத்துச் சட்டத்தை மீறக் கூடாதல்லவா. மணிக்கட்டில் மட்டும் இறுக்கம். உள்ளே பச்சை நூலை ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை. மெதுவாக நுழைத்தால் கை போகும். வெடுக்கென்று இழுத்தால் வராது. ஒரு விரல் நசுங்கும், வீட்டோடு இருப்பான் என்றுதான் நினைத்தேன். முழுக் கையும் போகும் என்று தெரிந்திருந்தால் பின்னியிருப்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கையுறையைக் கொடுத்தபோது அவளும் இருந்தாள்.

“அவருக்கு மட்டும்தானாக்கா? நான் என்ன தக்காளித் தொக்கா?”

“உனக்கு இல்லாமயா? மஃப்ளர் பின்னித் தரேன். நல்லா நீளமா.”

அவள் நாள் முழுக்க ஓடும் பெல்ட்டின்மேல் குனிந்து நிற்பவள். தம்பியின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. கையுறையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் என் முன்னால் நின்று போட்டுக்காட்டினான்.

“போதுமாக்கா?” என்றான். போதும் என்றேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். இப்போது ஊட்டிவிடுகிறேன், பொத்தான் போட்டுவிடுகிறேன். வீடு வீடாக இருக்கிறது. இந்தக் கையுறையை அந்தப் பெண் திருப்பிப் பார்த்து உங்களிடம் கொண்டுவந்திருக்க வேண்டாம். அவனுக்கு எதுவும் தெரியாது, மேடம். என்மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உள்ளறைக் கதவு திறக்கிறது. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி தம்பி வருகிறான். என் பக்கம் வராமல் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். என் மடியில் முக்கால்வாசி முடிந்து கிடக்கும் மஃப்ளரைப் பார்க்கிறான்.

“நீ குடுத்த அன்னைக்கே உள்ள திருப்பிப் பாத்துட்டேன்க்கா. நான் போட்டுக்கிட்டா நீ அவளை ஒண்ணும் செய்யாம விட்டுடுவேன்னு நினைச்சேன்.”