ஏழாம் பக்கத்தில் ஓசூர்

– மொதல்லேர்ந்து சொல்லும்மா ஜெயசெல்வி. அந்தச் சிங்கப்பூர் ஒப்பந்தத்தை நீ டைப் அடிச்ச அன்னிக்கு என்னென்ன நடந்துச்சு? நடுவருங்க முன்னாடி சொல்ற மாதிரியே சொல்லு.

– அஞ்சரைக்கு எழுந்தனுங்க, தாவூத் சார். தண்ணி புடிச்சேன். களிக்கு ஒலை வெச்சேன். தலை சீவினேன். ஏழு நாப்பதுக்கு பஸ்ஸு. ஒம்போதுக்கு ஆபீஸ். மெஷின் மேல இருந்த துணியை மடிச்சு வெச்சேன். நாலு கார்பன் சொருவினேன்.

– களியெல்லாம் வேணாம். சிங்கப்பூர் வக்கீலம்மா அது என்னன்னு கேக்கும். பெங்களூர் ஜட்ஜய்யா ராகி முத்தேன்னு விளக்கம் குடுக்க ஆரம்பிச்சுடுவாரு. நேத்து போண்டாவுக்கே இருபது நிமிஷம் போச்சு.

– எனக்கு நேத்து சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுதுங்க. மாப்பிள்ளை உக்கார்ற செவப்பு நாற்காலில ஜட்ஜய்யா. பொண்ணு நாற்காலில இன்னொரு நடுவரு, அந்த ஜப்பான்காரரு. பின்னாடி போன வாரக் கல்யாண ஜோடி பேரு இன்னும் தெர்மாகோல்ல தொங்குது.

– மூணு நாட்டு ஆளுங்க உக்கார நம்ம ஊர்ல மண்டபத்தை விட்டா எடம் ஏது?

– பூக்கார பாப்பம்மா வந்து, ஜப்பான்காரருக்கு மாலை எடுத்தாரட்டுமான்னு என்னைக் கேக்கறா சார்.

– சிரிப்பை அடக்கு. இன்னும் பத்து நிமிஷத்துல உன்னைக் கூப்பிடுவாங்க. நம்ம கறுப்பு கிரானைட் கல்லு பதினாலு, சூளகிரி யார்டுல நிக்குது. போட்டோவுல வெள்ளை ரேகை தெரியுதுன்னு அந்தச் சிங்கப்பூர் டானோட கம்பெனி எடுக்க மாட்டேங்குது. கேசு எந்த ஊர்ல நடக்கணும்ங்கறதுதான் இப்பப் பேச்சே. இங்க நடந்தா, நடுவருங்க யார்டுக்கே வந்து கல்லு மேல தண்ணி ஊத்தி, ரேகை நெசமா இருக்கான்னு பாத்துடுவாங்க. சிங்கப்பூருக்கு மாறிச்சுன்னா நம்ம முதலாளியால அங்க போயி வாதாட முடியாது. பாலிஷ் ஷெட்டை மூட வேண்டியதுதான். அறுவது பேரு. புரியுதா?

– புரியுதுங்க. எங்க அண்ணன் யேசுராஜும் அந்த அறுவதுல ஒருத்தருதானே.

– பழைய சட்டமா இருந்தா கோர்ட்டுல தடை வாங்கி வருஷக்கணக்கா இழுத்திருக்கலாம். போன வருஷம் புதுச் சட்டம் வந்துடுச்சு. சிங்கப்பூர்ல அதுக்கும் முன்னாடியே மாத்திட்டாங்களாம். கேசு நடத்த ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதின ஊருதான் ஊரு. ஏழாம் பக்கத்துல ஓசூர்னு இருக்கு. அது டைப்பிஸ்டு செஞ்ச தப்பு, ரெண்டு பேருமே நெனச்சது சிங்கப்பூர்தான்னு வக்கீலம்மா சாதிக்குது.

– நீங்களும் அப்படித்தானே என்னைத் திட்டினீங்க சார்.

– திட்டாம? பழைய ஒப்பந்தத்தைக் குடுத்து, பேரையும் தேதியையும் மாத்துன்னா, நீ ஊரையும் சேத்து மாத்திட்டே. கையெழுத்தான பின்னாடி அதைப் பாத்துட்டு முதலாளி ஆபீஸ் அதிரக் கத்தினாரு. இப்ப அவரே உன் வெரலுக்கு மோதிரம் போடணும்ங்கறாரு. அதனால ஒண்ணு செய். வெங்கடப்பன் முதலாளிதான் ஓசூர்னு போடச் சொன்னாருன்னு சொல்லிடு.

– அன்னிக்கு அவரு மத்தூர்ல, மாமனார் வீட்டுக் கெடா விருந்துல இருந்தாருங்க.

– போன்ல சொன்னாருன்னு சொல்லு.

– போனு மூணு நாளா செத்துக் கெடந்துச்சு. நீங்க டெலிபோன் ஆபீஸுக்குக் குடுத்த லெட்டரை நான்தானே அடிச்சேன்.

– யா அல்லா. இவ்வளவு ஞாபகம் உனக்கு எதுக்கும்மா?

– பைபிள் மேல கை வெக்கணும் சார். அப்ப எனக்குப் பொய் வராது, சிரிப்புதான் வரும்.

– அப்போ தப்பா அடிச்சேன்னு சொல்லப் போறே. அதோட முடிஞ்சுது. மூட்டை கட்டிக்கிட்டு எல்லாரும் சிங்கப்பூர் கெளம்பிடுவாங்க.

– தப்பா அடிக்கலீங்க.

– என்னது?

– சிங்கப்பூர்னு இருந்ததை மூணு தடவ படிச்சேன். கல்லு சூளகிரில கெடக்குது. அதைப் பாக்காம, எங்கியோ உக்காந்துக்கிட்டு எப்படிக் குத்தம் சொல்லுவாங்கன்னு தோணுச்சு. மாத்திட்டேன்.

– நீயா மாத்தினியா? அடிப்பாவி, அது தப்பை விடப் பெரிய தப்பு. டானுக்குத் தெரியாம மாத்தினதா ஆயிடும். இதை வெளிய சொல்லிடாதே.

– அவருக்குத் தெரியுங்க சார். அதான் நேத்து மண்டபத்துல என்னைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

– டானுக்கா? யாரு சொன்னது?

– நான்தான். கையெழுத்துப் போட வந்தப்ப நீங்க டீ சொல்ல வெளிய போனீங்க. ஏழாம் பக்கத்துல வெரலை வெச்சு, இங்க எதுக்கு ஓசூர்னு கேட்டாரு. சண்டை வந்தா நீங்க நேர்ல வந்து கல்லைப் பாக்கணும் சார், அதுக்குத்தான்னேன். நியாயந்தான்னு சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு.