குரலை எடுத்தவன்

கணினியின் பேக்கப் நின்றுபோனால் எல்லோரும் முதலில் நகல் சேமிக்கும் பெட்டியைத்தான் திட்டுகிறார்கள். அந்தப் பெட்டி பாவம். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்து, ஐந்து பேரின் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வாய் திறக்காமல் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு குடும்பத்தில் அவ்வளவு பொறுமையாக இன்னொருவர் இருந்ததில்லை.

அதனால்தான் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. என் அக்கா உங்களை அனுப்பியிருக்கிறாள். அழிந்ததை மீட்பதில் கெட்டிக்காரர் என்று சொன்னாள். இரண்டு நாளாகப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எப்போது பழுதானது, எந்த விளக்கு எரிந்தது என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் காலி இடம் முழுவதும் பூஜ்யம் நிரப்பியிருப்பதை நேற்றே பார்த்திருப்பீர்கள். பழுதான பெட்டி தன்னைத்தானே அப்படித் துடைத்துக்கொள்ளாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா கணக்கு வாத்தியார். அவர் வகுப்பெடுத்தால் பள்ளிக்கு வெளியே பேருந்துக்கு நிற்பவர்களுக்கும் பெருக்கல் வரும் என்பார்கள். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு கணக்கில் நடுவே மூன்று வரிகளை விட்டுவிட்டேன். விடை சரி. அவர் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இதோ பாருங்க, என் வீட்டு அரைகுறை" என்றார். வகுப்பு சிரித்தது. மறுநாள் தெரு சிரித்தது. பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. பெண் கொடுத்த மாமனார்கூட முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, "அரைகுறை மாப்பிள்ளை எங்க?" என்றுதான் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். முப்பது வருஷம் சிரித்துப் பழகினால் முகம் தானாகவே அதைச் செய்துவிடும்.

போன வருஷம் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்தால் பிழைப்பார். பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு யோசனை சொன்னார். அறுவைக்கு முன்னால் ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுத்தால், பிறகு ஒரு கருவி அவருடைய சொந்தக் குரலிலேயே அவருக்காகப் பேசும். வீட்டில் தினமும் சொல்கிற வாக்கியங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அன்றன்றைக்குப் பேசியதை அனுப்பிவிடுங்கள் என்றும் கேட்டார். அப்பா மறுத்துவிட்டார். முழுதாக முடித்துத்தான் கொடுப்பாராம். பாதி வேலையை யாரிடமும் நீட்டிப் பழக்கமில்லையாம்.

பதினெட்டு நாள், பின்னறையில் ஜன்னலை மூடி, கதவுக்குப் போர்வை போட்டு, ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை என்று லேப்டாப்பின் முன் பேசினார். வலிக்கும்போது வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பேசினார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பதின்மூன்றாம் நாள் பேக்கப் நின்றது. நான் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன், அதனால் என்னைக் கூப்பிட்டார். "வீட்டுல கம்ப்யூட்டர் டாக்டர் இருக்காரு. அவரு கை வெச்சு எது முழுசா ஓடியிருக்கு?" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். நான் ஒழுங்காகவே வேலை செய்தேன். லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பிறகு, கிழப் பெட்டியின் பழைய பேச்சு அதற்குப் புரியவில்லை. அதைச் சரிசெய்தேன். பெட்டிக்குள் கடிகாரம் ஒன்பது வருஷம் பின்னால் ஓடியது. அதற்குப் புது பேட்டரி போட்டேன். ஒரு வட்டு ஆரஞ்சு விளக்கு காட்டியது. மாற்றினேன். இனி லேப்டாப்பில் இருப்பது பெட்டியிலும் அப்படியே இருக்கும். லேப்டாப்பில் இல்லாதது பெட்டியிலும் இருக்காது. இந்த இரண்டாவது பாதியை யாரும் கவனிப்பதில்லை.

எல்லாம் சரியாக வருகிறதா என்று ஒரு கோப்பைத் திறந்து கேட்டேன். எண்ணூற்றுப் பன்னிரண்டாவது. "அரைகுறை, இங்க வா." மூன்று தடவை, தெளிவாக, சுருதி பிசகாமல்.

நீங்களே யோசியுங்கள். மனிதனுக்கு ஒரு முடிவு உண்டு. பதிவான குரலுக்குக் கிடையாது. நாளைக்கு என் மகள் ஒரு பொத்தானை அழுத்துவாள், அது என்னைக் கூப்பிடும். அவர் போன பிறகும் கூப்பிடும். இதை எந்த வீட்டில் ஏற்பார்கள்?

ஆனாலும் நானாக எதுவும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"நாளைக்குள்ள அப்பா குரல எடுத்துடுப்பா. மறந்துடாத."

எங்கள் வீட்டில் பேக்கப்பையும் எடுப்போம், சட்டையில் ஒட்டிய நூலையும் எடுப்போம். டாக்டர்கூடக் குரல்வளையை எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார். நாற்பத்தைந்து வருஷம் அந்தக் குரலோடு குடித்தனம் செய்தவள் எடுத்துடு என்றால், எந்த எடுத்துடு என்று திருப்பிக் கேட்க நான் யார்? அன்று சாயங்காலம் லேப்டாப்பில் அந்த ஃபோல்டரை அழித்தேன். பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அது தன் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் வைத்திருக்கும், அதையும் காலி செய்தேன். பிறகு அழித்ததை யாரும் மீட்க முடியாதபடி இரண்டிலும் பூஜ்யம் நிரப்பினேன். அதற்குப் பதினாறு மணி நேரம் ஆனது. அது முடிந்தபோது, அப்பாவுக்கு மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுகளைக் கேட்டார்கள். பெட்டி பழசு, கெட்டுப்போகும்போது லேப்டாப்பில் இருந்ததையும் அழித்துவிட்டது என்றேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். நான் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டேன் என்றால் எங்கள் வீட்டில் யாரும் சாட்சி கேட்பதில்லை. அக்காதான் போனில், "டேய், இதையாவது முழுசா பண்ணக் கூடாதாடா?" என்றாள். என் வாழ்க்கையில் ஒரு வரி விடாமல் செய்த வேலை அதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். நீதானே எடுக்கச் சொன்னாய் என்றேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் எதச் சொன்னேன்னு உனக்குத் தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை. அக்காவிடமும் இதைச் சொல்லவில்லை. நான் செய்தது அவளுக்கு வேண்டாததாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவளுடைய மௌனத்தை நான் நன்றி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். வீடு இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இந்த இரண்டு நாளில் நீங்களே கவனித்திருப்பீர்கள்.

அப்பா கோபப்படவில்லை. சிலேட்டில் எழுதித்தான் எதுவும் கேட்கிறார். போன வாரம் என்னைக் கைதட்டி அழைத்து ஒரு வரி எழுதிக் காட்டினார். "கடைசி ஃபைலைக் கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

அக்காவிடம் இதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் சொல்வதை முழுதாகச் சொல்லுங்கள். அழிப்பதற்கு முன் அந்தக் கடைசிக் கோப்பை நான் கேட்டேன். மற்ற வாக்கியங்களை மூன்று மூன்று தடவை பேசியவர், அதை மட்டும் ஒன்பது தடவை பேசியிருந்தார். முதல் ஆறு தடவையும் நாக்கு பழக்கத்தில் "அரை" என்று போய் நின்றுவிடுகிறது. ஏழாவதில் இருமல். எட்டாவதில் ஒன்றுமில்லை, மூச்சு மட்டும். ஒன்பதாவது தடவை, எனக்கு வைத்த பெயரைச் சொல்லி, "வாப்பா, வந்து பக்கத்துல உக்காரு" என்றார்.

முப்பது வருஷத்தை ஒரு பொத்தானில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அவர் அவ்வளவு சுலபமாக நல்லவராகிவிட்டால், நான் யாரை வெறுத்துக்கொண்டு இருப்பது?

முதலில் அழித்தது அதைத்தான்.