வாய்க்கால் பக்கம் ஒரு கதவு

தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பாயசம் அடிப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும் எங்கள் ஊராட்சித் தலைவர் விஜயலட்சுமி அம்மா அவர்களே! சொன்னது ஆறடி, கொடுத்தது எட்டடி என்று இந்த ஊரே சொல்லிச் சிரிக்கும் பெரியவர் தியாகேசன் ஐயா அவர்களே! ஊருக்கெல்லாம் வீடு வரைந்து தந்துவிட்டு, மேடையைக் கண்டால் மட்டும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் எங்கள் நிறுவனத் தலைவர் பஞ்சநதம் சார் அவர்களே! வயல் வேலையை அரைநாள் விட்டு வந்திருக்கும் கீழத்தெருத் தாய்மார்களே! இடுப்பிலும் மடியிலும் தோளிலும் தொற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மைக்கையே பார்க்கும் மழலைச் செல்வங்களே! நன்னிலத்தில் பிறந்து, தஞ்சாவூரில் கோடு போட்டுப் பிழைக்கும் இந்த ஷோபனாவின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும்!

அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் எழுந்து நிற்கிறது. வாசலில் தோரணம் ஆடுகிறது. மேசைமேல் பதிவேடு விரிந்து கிடக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டில், அன்பானவர்களே, இந்த நிமிடம் வரை ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை! ஏன் இல்லை? இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தும் ஏன் இல்லை? காரணம் முன்வரிசையில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறது. அவர் பெயர் வேம்பு. அவர் தன் மகன் பெயரைக் கொடுத்தால்தான் நாங்களும் கொடுப்போம் என்று இருபத்தோரு தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். வேம்பு அக்காவோ நான் பேசி முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்.

எங்கள் 'நிழற்கோடு' கட்டடக்கலை நிறுவனத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. வாரத்தில் ஐந்து நாள் நாங்கள் நகரத்து ஆட்கள். மாடி வீடு, மருத்துவமனை, மண்டபம் என்று வரைவோம். சனிக்கிழமை மட்டும் ஊருக்கு உரியது. நன்னிலத்துப் பள்ளிக்குக் கழிப்பறை வரைந்தது ஒரு சனிக்கிழமை. மயிலாடுதுறைப் பக்கம் மழைக்கு முன்னால் ஓட்டு வீடுகளின் உத்தரம் தட்டிப் பார்த்தது இன்னொரு சனிக்கிழமை. பூதலூரில் இறங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து இந்த ஊருக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமைதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தில் வரைந்ததைக் கட்டுவதற்கு முன், அதே அளவில் தரையில் சுண்ணாம்புத் தூளால் வரைவோம். கூடம் இங்கே, சமையலறை அங்கே, கதவு இதோ என்று வெறுந்தரையில் வெள்ளைக் கோடு. அதற்குள் தாய்மார்களை நடக்கச் சொல்வோம். போன பங்குனியில் நடந்தார்கள். அடேயப்பா, என்ன நடை! "அடுப்படியில ரெண்டு பேரு நின்னா ஒருத்தி முதுகு வெந்துடும்" என்றார் ஒருவர். "கக்கூசு இவ்வளவு தூரத்துல வச்சா, என் புள்ள பாதி வழியிலயே வேலைய முடிச்சிருவான்" என்றார் இன்னொருவர். சிரிக்காதீர்கள், அந்தக் கழிப்பறையை அன்றே நகர்த்தினோம்!

வேம்பு அக்கா மட்டும் வெளிச்சுவர்க் கோட்டில் போய் நின்றார். நான் வெளிக்கதவு என்று இடைவெளி விட்ட இடம். அதை ஒட்டி அழகாக ஒரு பாதை. சமமான, குளிர்ச்சியான, இருபுறமும் கரை கட்டிய பாதை. அதில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆடு படுத்திருந்தது.

"மேடம், இந்தப் பக்கம் கதவு வேணாம்."

"ஏன்க்கா? பாதை நல்லாத்தானே இருக்கு?"

"ஆனி மாசம் வந்து பாருங்க."

கேட்டேனா? கேட்கவில்லை! வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, பாதைப் பக்கம் பார்த்த வாசல் எடுப்பாக இருக்கும் என்று விளக்கம் சொன்னேன். அழகு என்றேன், அமைப்பு என்றேன், ஆங்கிலத்தில்கூட ஏதோ சொன்னேன். அவர் சித்தாளாக அதே வேலையில் சேர்ந்தவர். மறுபேச்சு பேசாமல் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆடு உள்ளே வராமலிருக்க முதலில் சுற்றுச்சுவர் எழும்பியது. கதவும் மாட்டியாயிற்று.

ஆனி வந்தது. கல்லணை திறந்து ஒரு வாரம். அந்தச் சனிக்கிழமை என் மகள் எழில்மொழியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, கூடவே கூட்டி வந்தேன். மூன்று வயது. நான் கொத்தனாரோடு அளவு பேசிக்கொண்டிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. "அம்மா, தண்ணி! தண்ணி!" என்ற குரல். திரும்பிப் பார்க்கிறேன்... நான் பாதை என்று வரைந்த இடத்தில் செம்மண் நிறத்தில் புது வெள்ளம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, என் மகள் கதவைத் தாண்டி அதில் கால் வைக்கிறாள். அது பாதை அல்ல, வாய்க்கால்! தை முடிந்து தண்ணீர் நின்றால் காய்ந்து, தரையாகி, பாதை போலப் படுத்திருக்கும் வாய்க்கால்! நன்னிலத்து விவசாயியின் மகள் நான். வாய்க்காலில் குளித்து வளர்ந்தவள் நான். அதற்கே கதவு வைத்தவளும் நான்!

என் கால் நகரவில்லை, அன்பானவர்களே. பெற்றவள் கால் நகரவில்லை. கலவைச் சட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது ஒரு கை. சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது ஒரு கை. வேம்பு அக்காவின் சிமெண்டுக் கை. எழிலின் ஒரு செருப்பு மட்டும் மிதந்து போனது. அக்கா என்னைத் திட்டவில்லை. "புள்ளைக்கு வேற சட்டை இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சிமெண்டுக் கறை படிந்த சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை.

பஞ்சநதம் சார் அன்றைக்கே ஓடி வந்தார். "கதவுக்குப் பூட்டுப் போட்டுடலாம்" என்றார். வேம்பு அக்கா கேட்டார்: "பூட்ட மறக்கிற நாளைக்கு என்ன சார் பண்றது?" என்ன சார், அதற்குப் பதில் இருந்ததா? தலையாட்டுகிறார், இல்லையாம்.

அப்படியென்றால் வாசலை மறுபக்கம் திருப்ப வேண்டும். மறுபக்கம் என்ன? தியாகேசன் ஐயாவின் நெல் களம். அந்தக் களத்தில் கீழத்தெருக்காரர்கள் காலங்காலமாக நெல் தூற்றியிருக்கிறார்கள், மூட்டை சுமந்திருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் குறுக்கே ஒருநாளும் நடந்ததில்லை. அந்தக் களத்தின் ஓரத்தில் போய் நின்றோம்.

"ஏம்மா, நெல்லு காயிற எடத்துல புள்ளைங்க நடந்தா நெல்லு என்னத்துக்கு ஆகும்?" என்றார் ஐயா.

வேம்பு அக்கா சொன்னார்: "நெல்லு மேல நடக்காமயா ஐயா இத்தினி வருசம் காய வச்சோம்? காலாலதான தள்ளித் தள்ளிக் கிளறுனோம். அந்தக் காலு பெத்த காலுதான் இதுவும்."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் சிரித்தார். "ஆறடி போதுமா?"

"எட்டா குடுங்க ஐயா. ரெண்டு புள்ளைங்க சண்டை போட்டுக்கிட்டே வரணும்ல!"

தட்டுங்கள் கையை! ஐயாவுக்கு ஒருமுறை, அக்காவுக்கு இருமுறை!

பழைய கதவைப் பெயர்த்தோம். அந்த இடத்தில், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டி, கால் எட்டாத உயரத்தில், துளை விட்டுக் கட்டிய செங்கல் சன்னல் வைத்தோம். போன ஐப்பசியில் பார்க்க வந்தவர்களெல்லாம் அதைத்தான் புகழ்ந்தார்கள். தண்ணீர் பார்க்க ஒரு சன்னலா, என்ன கற்பனை, என்ன கலைநயம்! பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். நானும்... சொல்ல வெட்கமாக இருக்கிறது... சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றேன்.

போன வாரம் பதிவேட்டோடு வேம்பு அக்கா வீட்டுக்குப் போனேன். "பேரு குடுங்க அக்கா" என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அது சன்னல் இல்ல, அடைச்ச கதவுன்னு மேடையில நீங்களே சொல்லுங்க மேடம். இல்லேன்னா பத்து வருசம் கழிச்சு உங்கள மாதிரியே படிச்ச ஒருத்தங்க பங்குனியில வருவாங்க. பாதை நல்லாருக்கே, இங்க ஒரு கதவு வைக்கலாம்னு உடைப்பாங்க. அன்னைக்கு நான் கலவை தூக்கிக்கிட்டுப் பக்கத்துல நிக்க மாட்டேன்."

பத்து வருடம் எதற்கு? இது மாசி. தண்ணீர் நின்றுவிட்டது. வாய்க்கால் காய்ந்து, மறுபடியும் பாதை வேடம் போட்டுக் கிடக்கிறது. அங்கே பாருங்கள், அதற்குள் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது! யார் கார்? எங்கள் அலுவலகக் கார்! இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் அலுவலகக் கார்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஓட்டி வந்த தம்பி தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஆகவே சொல்கிறேன். அது சன்னல் அல்ல, நான் செய்த பிழை. கலைநயம் அல்ல, காது கொடுக்காத குற்றம். பிள்ளைகள் பிழைத்தது என் படிப்பால் அல்ல, நான் சொல் கேட்காத ஒரு தாயின் கண்ணால்! கட்டடம் என்பது கல்லா? கம்பியா? காகிதத்துக் கோடா? இல்லை. நாளைக் காலை ஒரு தாய் தன் பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வயல் வேலைக்குப் போகிறாளே, அந்த நிம்மதிதான் கட்டடம். அது இல்லையென்றால் நாங்கள் எழுப்பியது வெறும் சுவர்!

சன்னலுக்குக் கீழே துணி போர்த்திய ஒரு கல் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தின் பெயர் இந்தக் கட்டடத்தில் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தலைவர் அம்மா, துணியை விலக்குங்கள். எழுதியிருப்பதை நான் படிக்கிறேன்:

"இங்கே கதவு வைக்காதீர்கள். ஆனியில் தண்ணீர் வரும். சொன்னவர்: வேம்பு. கேட்காதவர்கள்: நிழற்கோடு, தஞ்சாவூர்."

வேம்பு அக்கா, போதுமா? ... எழுந்து எங்கே போகிறீர்கள்? ... மேசைக்குப் போகிறார். பேனாவை அவரே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் அமைதி, எழுதி முடிக்கட்டும் ... என்ன பெயர் அக்கா? சத்தமாக, எல்லாருக்கும் கேட்கட்டும்!

இனியவன்! முதல் பெயர் இனியவன்!

வரிசையில் வாருங்கள் தாய்மார்களே, தள்ளாதீர்கள், எல்லோருக்கும் இடம் இருக்கிறது. எட்டடிப் பாதை கொடுத்த ஐயாவுக்கும், தாங்கிய ஊருக்கும், சொன்ன அக்காவுக்கும் என் நன்றி. பாயசம் தயாராம், தலைவர் அம்மா கையைக் காட்டுகிறார். ஆனியில் தண்ணீர் வந்ததும் எழிலைக் கூட்டி வருகிறேன், அந்தச் சன்னலில் நின்று பார்க்க. அதுவரை எல்லோருக்கும் என் வணக்கம்!