மூணு காப்பி

அந்த நாற்காலி வேணாம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. வக்கீல் வெளியவே இருக்கட்டும், உள்ள ஒரு ஆளுக்குத்தான் பாஸ் குடுப்பாங்க. கோர்ட்டு பேப்பரை எடுக்க வேணாம், வச்சுக்கோங்க. எங்களுக்குத் திங்கக்கிழமையே நகல் வந்துடுச்சு. மூணாம் லைன், கேமரா நாப்பத்தி ஒண்ணு, பதினேழாம் தேதி, காலைல பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும். சரிதானே?

காமிக்கறேன். அதாவது, சொல்றேன். கொஞ்சம் விவரமாச் சொன்னாத்தான் புரியும்.

குளிருதா? குறைக்க முடியாதும்மா. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பீரோ பீரோவா நிக்குதே, அதுங்களுக்காகப் போட்டது. மனுசன் நடுங்கினா யாரும் கேக்க மாட்டாங்க, மெஷின் லேசாச் சூடானா நாலு பேர் ஓடி வருவாங்க. பதினாலு வருசமா ஸ்வெட்டரோட உக்காந்திருக்கேன். இந்தப் பார்சல் கூடத்துல அறுநூறு கேமரா. அதுங்க பாக்கறது எல்லாம் இங்க வந்துதான் படுக்கும். பதினாலு வருசத்துல ஒரு நிமிசத்துப் படம்கூட என் கையால தொலைஞ்சதில்ல. பெருமைக்குச் சொல்லல. யாரை வேணா கேட்டுப் பாருங்க.

எப்படித் தொலையாம இருக்குன்னா, எந்தப் படமா இருந்தாலும் மூணு காப்பி. குடிக்கற காப்பி இல்லம்மா. புதுசா வர்றவங்க கிட்ட எல்லாம் இந்த ஜோக்கைச் சொல்வேன், ஒருத்தரும் சிரிச்சதில்ல. மூணு டிஸ்க்ல, தனித்தனி மெஷின்ல இருக்கும். ஒண்ணு செத்துப்போச்சுன்னா மத்த ரெண்டும் சேர்ந்து, தானாவே புதுசா ஒண்ணு எழுதிக்கும். மூணும் ஒரே நேரத்துல போனாத்தான் போச்சு. அப்படிப் போகவே போகாது.

ஆமா, படத்துக்குத்தான் வர்றேன்.

டிஸ்க் எல்லாத்தையும் மேய்க்கறதுக்கு ஒரு டூல் உண்டு. பழசு ஒண்ணு இருந்துச்சு. ஒவ்வொரு டிஸ்க்கோட தலையிலயும் நான் இன்னார்னு ஒரு அடையாளம் எழுதியிருக்கும். மெஷின் முழிச்ச உடனே அதைப் படிச்சுப் பாத்து, நீ வா, நீ வான்னு ஒவ்வொண்ணா எழுப்பிவிடும். அது இனிமே கிடையாது, புது டூலுக்கு மாறுங்கன்னு மேல இருந்து உத்தரவு. புதுசு கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனா பழைய அடையாளத்தைத் திரும்பிக்கூடப் பாக்காது. மாத்தறதுக்கு முன்னாடி நாமளே ஒவ்வொரு டிஸ்க்கா பாத்து, இது இன்னது, இதுக்குள்ள ஆள் இருக்குன்னு அதுக்கு எழுதிக் குடுத்துடணும். ஒண்ணை விட்டுட்டோம்னு வைங்க, அதைக் காலின்னு நினைச்சுக்கும். காலி டிஸ்க், நான் எடுத்துக்கட்டுமான்னு கேக்கும். சரின்னு ஒரு வார்த்தை அடிச்சா போதும், ஒரு மூச்சுல தலையிலேர்ந்து துடைச்சுடும்.

எங்க இன்னொரு கிளையில கண்ணாடின்னு ஒருத்தன். நானும் அவனும் ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க. சோடாபுட்டி போட்டிருப்பான், அதான் அந்தப் பேரு. போன வருசம் அங்க மாத்தினப்போ, அசதியில பட்டியல்ல ஒரு பக்கத்தைப் புரட்ட விட்டுட்டான். அடுத்தடுத்து சரி, சரி, சரின்னு அடிச்சிருக்கான். ரெண்டு மாசத்துப் படம் போச்சு. எனக்குப் போன் போட்டு அழுதான். நான் ஓடினேன். அந்த மெஷின் ரூம் தரையில சப்பணம் போட்டு உக்காந்திருந்தான்மா. வேலை போயிடும்னு ரெண்டு பேருமே நினைச்சோம்.

ஒண்ணும் ஆகல. விசாரணைக்கு வந்தவர் அரை மணி நேரம் கேட்டார். டூல் புதுசு, இந்த மாதிரி ஆகறது சகஜம், மனுசத் தவறுன்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். அந்தக் காகிதத்துல ஒரு நகல் எனக்கும் வந்துச்சு, பாடம் கத்துக்கறதுக்குன்னு. டிராயர்லதான் வச்சிருந்தேன்.

தண்ணி குடிங்கம்மா. முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

இங்க மாத்தறதுக்கு நாள் குறிச்சது மூணு மாசம் முன்னாடி. குறிச்ச நாள் நேத்து. உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதை மட்டும் நம்புங்க. நானாத் தேடிப் போகல. நாள் தானா வந்து நின்னுச்சு.

பட்டியலை நான் ரெண்டு தரம் சரிபாத்து வச்சிருந்தேன். இருநூத்தி நாப்பது டிஸ்க். செவ்வாய்க்கிழமை, கோர்ட்டுக்குக் குடுக்கணுமேன்னு, படம் ஒழுங்கா இருக்கான்னு போட்டுப் பாத்தேன். அது என் வேலைம்மா. வேற எதுக்கும் பாக்கல.

பெல்ட்டுக்கு அடியில போறவங்க, யாரும் அதை ஓட்டிடாம இருக்க சுவிட்சுல பூட்டு மாட்டணும்; அவர் அதை மாட்டாம உள்ள போனார்னு கம்பெனில சொல்றாங்கல்ல? அவரோட அஜாக்கிரதைன்னு எழுதியிருக்காங்கல்ல? பொய். மாட்டினார்மா. பெட்டி ஒண்ணு பெல்ட்டுக்கு அடியில சிக்கிக்கிச்சு. சுவிட்சை அணைச்சார், பாக்கெட்லேர்ந்து தன்னோட செவப்புப் பூட்டை எடுத்து மாட்டினார், ரெண்டு தரம் இழுத்தும் பாத்தார். அப்புறம்தான் குனிஞ்சு உள்ள போனார். ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு நிதானம்.

அழாதீங்க. இல்ல, அழுங்க, பரவால்ல.

அதான் கேக்கறீங்க, அப்ப எப்படி ஓடுச்சுன்னு. அந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவிம்மா. ஒண்ணு அவர் பாக்கெட்ல. இன்னொண்ணு ஷிஃப்ட்டுப் பொறுப்புல இருக்கறவங்க கிட்ட. நாலே நிமிசத்துல ஒருத்தர் வந்தாங்க. கையில போன், யாரோ அந்தப் பக்கம் கத்தறாங்கன்னு முகத்தைப் பாத்தாலே தெரியுது. லைன் ஏன் நிக்குதுன்னுதான் கேட்டிருப்பாங்க. முன்னாடி ஷிஃப்ட்டு ஆளு மறந்து விட்டுட்டுப் போன பூட்டுன்னு நினைச்சிருக்கணும். அப்படித்தான் இருக்கணும். கழட்டினாங்க. டிராயர்ல போட்டாங்க. சுவிட்சைத் தட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம நடந்தாங்க.

செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்குப் போய் சாப்பிடல. நேத்து சாயங்காலத்துக்குள்ள இருநூத்தி முப்பத்தேழு டிஸ்க் நல்லபடியா மாறிடுச்சு. மூணு மாறல. அந்த மூணுல என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க, உங்களுக்கே தெரியும். எந்தப் படம் எந்த டிஸ்க்ல இருக்குன்னு கேட்டா மெஷினே சொல்லும். வேலை நடக்கும்போது புதுக் காப்பி எழுதாம நிறுத்தி வைக்கறது வழக்கம்தான். நிறுத்தி வச்சேன். காலி டிஸ்க், எடுத்துக்கட்டுமான்னு மூணு தரம் கேட்டுச்சு. மூணு தரமும் சரின்னு அடிச்சேன். கை நடுங்கல. அதுதான் எனக்கே பயமா இருக்கு.

அறிக்கை காலைலயே அடிச்சு வச்சுட்டேன். கண்ணாடிக்கு எழுதினதைப் பாத்து, தேதியும் பேரும் மட்டும் மாத்தினேன். மனுசத் தவறு. வெளிய யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், கோர்ட்டுல கேட்டாலும். கத்தாதீங்கம்மா, வக்கீலைக் கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்ல. கட்டடம் பூரா கேமரா, இந்த ரூம்ல மட்டும் கிடையாது. நீங்க வந்த உடனே காகிதத்தைக் குடுத்து அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். அவர் ரெண்டு தரம் இழுத்துப் பாத்தது தெரியாமலே நீங்க காலம் பூரா இருக்கணுமேன்னு மனசு கேக்கல. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு.

யாருன்னா... முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே நடையை வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சின்ன வயசுல கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டது, எடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு வைப்பா. அவளும் என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. உங்க வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்து மூணு நாள் தங்கி, பாத்திரம் கழுவி, உங்க சின்னவளுக்குத் தலை வாரிவிட்டாளே, அவ என் பொண்ணும்மா. இன்னிக்குச் சாயங்காலமும் உங்க வீட்டுக்கு வர்றதாச் சொல்லிட்டுத்தான் கிளம்பினா.